பாலம் அறுந்தது ஏன்?
தார்ன்டன் வைல்டரின் நாவலும் இறைத்திட்டத்தில் நம் நம்பிக்கையும்

"எல்லாம் ஆண்டவருடைய திட்டம்" என்னும் சொற்றொடர் நம் பங்குகளில் ஒலிக்காத நாள் அரிது. மகனுக்கு வேலை கிடைத்தால் அதைச் சொல்கிறோம். கிடைக்காவிட்டாலும் அதையே சொல்கிறோம். பெண் பார்க்க வந்தவர்கள் மறுமொழி கூறாமல் போய்விட்டால், "ஆண்டவர் வேறொன்று வைத்திருக்கிறார்" என்று தேற்றிக்கொள்கிறோம். பேருந்தைத் தவறவிட்டவன் அந்தப் பேருந்து விபத்துக்குள்ளானதைக் கேட்டு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறான். அதே பேருந்தில் ஏறிச் சென்றவனுடைய வீட்டில் அன்று என்ன சொல்லி அழுதார்கள் என்பதை நாம் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஓர் இளைஞன் இரு சக்கர வாகனத்தில் செல்லும்போது லாரி மோதி இறந்தான். பத்தொன்பது வயது. ஒரே மகன். அடக்கத்துக்கு முன்தினம் இரவு அவ்வீட்டுக்குச் சென்றோம். பழகிப்போன நாவினால், "அம்மா, எல்லாம் ஆண்டவருடைய திட்டம். அவர் காரணமின்றி எதையும் செய்வதில்லை" என்றோம். தாய் நிமிர்ந்து பார்த்தார். "சாமி, அப்போ அந்த லாரியையும் அவர்தான் அனுப்பினாரா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். குருமடத்தில் இறைப்பராமரிப்பைப் பற்றி நாம் எழுதிய தேர்வுகளும் பெற்ற மதிப்பெண்களும் அவ்வேளையில் உதவிக்கு வரவில்லை. செபமாலையைத் தொடங்கிவிட்டு நம் தலையைத் தாழ்த்திக்கொண்டோம்.

அன்றிரவு பங்கு இல்லத்துக்குத் திரும்பியதும் ஒரு நாவல் நினைவுக்கு வந்தது. குருமட நாள்களில் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்து, "நல்ல கதை" என்று மட்டும் எண்ணித் திருப்பிக் கொடுத்த நூல் அது. அமெரிக்க எழுத்தாளர் தார்ன்டன் வைல்டர் 1927இல் வெளியிட்ட 'சான் லூயிஸ் ரேயின் பாலம்'. மறுவாரமே அதைத் தேடிப் பெற்று மீண்டும் படித்தோம். இம்முறை அது வேறு நூலாக இருந்தது. நம் அன்றாட நம்பிக்கைப் பேச்சை இவ்வளவு கூர்மையாக ஆய்வுக்கு உட்படுத்தும் புனைகதை வேறொன்றை நாம் படித்ததில்லை. ஆகவே அதைப் பற்றி இங்கு எழுதத் துணிந்தோம்.

ஆசிரியரைப் பற்றி

வைல்டர் 1897இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் பிறந்தார்; 1975இல் மறைந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். பிரிவினைச் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவரோடு கருவில் இருந்த இரட்டைச் சகோதரன் பிறப்பிலேயே இறந்தான். இந்நாவலில் வரும் இரட்டையரின் கதையைப் படிக்கையில் அது நினைவில் இருப்பது நல்லது. கதை பெரு நாட்டில் நடக்கிறது. ஆனால் எழுதும்போது அவர் அந்நாட்டைக் கண்டதே இல்லை. 1928இல் இந்நூல் புலிட்சர் பரிசு பெற்றது. 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்தபின், இறந்த பிரித்தானியருக்காக அந்நகரில் நடந்த நினைவு வழிபாட்டில் பிரதமர் டோனி பிளேர் இந்நாவலின் இறுதிப் பகுதியை வாசித்தார். துயரத்தில் இருப்போர் முன் படிக்கத்தக்க நூல் என்று மக்கள் இதனை ஏற்றுக்கொண்டமைக்கு அது ஒரு சான்று.

கதையும் கேள்வியும்

1714ஆம் ஆண்டு ஜூலை 20, வெள்ளிக்கிழமை நண்பகல். லீமாவுக்கும் கூஸ்கோவுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில், இன்கா மக்கள் கொடிகளால் பின்னிய தொங்குபாலம் ஒன்று அறுந்து, அதன்மேல் சென்ற ஐவர் பள்ளத்தாக்கில் விழுந்து மாள்கின்றனர். இது ஆசிரியரின் கற்பனை நிகழ்ச்சி. ஆனால் அத்தகைய பாலங்கள் அந்நாட்டில் உண்மையிலேயே இருந்தன. அபுரிமாக் ஆற்றைக் கடந்த பாலம் அவற்றுள் புகழ்பெற்றது.

பாலம் அறுந்ததைக் கண்ணால் கண்டவர் ஜூனிப்பர் என்னும் பிரான்சிஸ்கன் சபைச் சகோதரர். இன்னும் பத்து நிமிடங்களில் அவரே அதன்மேல் கால் வைத்திருப்பார். வேறெவரும், "நல்ல வேளை, தப்பினேன்" என்றிருப்பர். இவரோ, "ஏன் அந்த ஐவர்?" என்று கேட்கிறார். மனித வாழ்வு தற்செயலாக இருக்கவேண்டும். அன்றேல் திட்டமாக இருக்கவேண்டும். திட்டம் என்றால், இந்த ஐவருடைய வாழ்வை நுணுகி ஆராய்ந்தால் அதன் கோடுகள் தென்படவேண்டும் அல்லவா? இறையியலும் ஓர் அறிவியலாக வேண்டும் என்பது அவரது ஆசை. ஆறு ஆண்டுகள் லீமா நகரத்தின் கதவுகளைத் தட்டி, ஆயிரக்கணக்கான சிறு செய்திகளைத் திரட்டிப் பெருநூல் ஒன்றை எழுதுகிறார்.

இவ்வாசை அவருக்குப் புதிதன்று. முன்னர் அவர் பணிபுரிந்த சிற்றூரில் கொள்ளைநோய் பரவியபோது, இறந்தோர் பதினைவரையும் பிழைத்தோர் பதினைவரையும் எடுத்துக்கொண்டு, நற்குணம், பக்தி, பிறருக்குப் பயன்படுதல் என மூன்று தலைப்புகளில் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டார். கூட்டிப் பார்த்தால், இறந்தவர்களே பிழைத்தவர்களைக் காட்டிலும் ஐந்து மடங்கு காப்பாற்றத் தக்கவர்களாக இருந்தனர்! அந்தத் தாள்களைக் கடலில் எறிந்துவிட்டார். ஆனால் கணக்குப் போடும் வழக்கத்தை எறியவில்லை.

இந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு நம்மையே எண்ணிப் பார்க்கிறோம். யார் வீட்டில் நோய் வந்தது, யார் மகள் தேர்வில் தவறினாள், யார் தேர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்கவில்லை என்று கோவில் முற்றத்தில் நின்று நாம் போடும் கணக்கு, ஜூனிப்பரின் கணக்கிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? அவர் தாளில் எழுதினார். நாம் நாவினால் எழுதுகிறோம். அவராவது கூட்டலின் விடை தம் எண்ணத்துக்கு மாறாக வந்தபோது அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஐவரின் வாழ்வு

நாவலின் நடுப்பகுதிகள் மூன்றும் இறந்தோரின் வாழ்வைச் சொல்கின்றன. முதலாவது மொந்தேமயோர் சீமாட்டி. அழகற்றவர், திக்குவாய் உடையவர். தம் மகள் கிளாராமீது அளவற்ற பாசம் வைத்து, அப்பாசத்தினாலேயே அவளை விரட்டிவிட்டவர். மகள் ஸ்பெயினுக்கு மணமுடித்துச் சென்றபின், கடிதம்மேல் கடிதமாக எழுதி வாழ்நாளைப் போக்குகிறார். மகள் கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்ததும், தாயத்தும் நேர்ச்சையும் மூடப்பழக்கமும் ஒன்றுவிடாமல் கைக்கொண்டு, தொலைவிலுள்ள திருத்தலம் ஒன்றுக்குப் பயணம் போகிறார். துணைக்குச் செல்பவள் பெப்பித்தா என்னும் அநாதைச் சிறுமி. அன்னை மரியா தெல் பிலார் என்னும் மடத்துத் தலைவி தம் பணிக்கு வாரிசாக வளர்த்துவரும் பிள்ளை அவள்.

அத்திருத்தலத்தில் மன்றாடி முடித்தபின் சீமாட்டியின் உள்ளத்தில் ஒரு மாற்றம் தொடங்குகிறது. தம்மால் இயன்றதைச் செய்தாயிற்று. இனி மகளையும் கடவுளையும் அவரவர் வழியில் விட்டுவிடலாம் என்னும் அமைதி மெல்லப் படர்கிறது. நம் வாசகர்களுக்கு இப்பகுதியை நாம் சிறப்பாகப் பரிந்துரைக்கிறோம். நேர்ச்சைக்கும் பேரத்துக்கும் உள்ள எல்லைக்கோட்டை இதைவிட நுட்பமாகக் காட்ட முடியாது. திருத்தலத்துக்குச் செல்லும்போது அவர் கடவுளிடமிருந்து ஒன்றைப் பெறப் போகிறார்; திரும்பும்போது கடவுளிடம் ஒன்றை விட்டுவிட்டு வருகிறார்.

விடுதியில் பெப்பித்தா தன் தலைவிக்கு எழுதி முடிக்காத கடிதம் சீமாட்டியின் கண்ணில் படுகிறது. தனிமையும் ஏக்கமும் நிறைந்த கடிதம். அதை அனுப்பப்போவதில்லை என்கிறாள் சிறுமி. அதில் துணிவு இல்லையாம். அந்தச் சொல் முதியவளைச் சுடுகிறது. அன்றிரவே அமர்ந்து, தன்னலம் கலவாத முதல் கடிதத்தை மகளுக்கு எழுதுகிறார். இரண்டு நாள் கழித்து, ஊர் திரும்பும் வழியில், இருவரும் பாலத்தின்மேல் இருந்தனர்.

அடுத்து எஸ்தேபான். மடத்து வாசலில் விடப்பட்டு வளர்ந்த இரட்டையருள் ஒருவன். சகோதரன் மனுவேல் காலில் பட்ட காயம் புரையோடி இறந்தபின், தானும் சாக முயல்கிறான். அல்வராடோ என்னும் கப்பல் தலைவன் அவனைக் கடற்பயணத்துக்கு அழைக்கிறான், சாவிலிருந்தும் தடுக்கிறான். எஸ்தேபான் இசைகிறான், தன்னை வளர்த்த தலைவிக்குப் பரிசு வாங்க முன்பணம் கேட்கிறான். மீண்டும் வாழத் துணிந்து புறப்பட்டவன் பாலத்தில் ஏறுகிறான். தலைவனோ சரக்குகளைக் கவனிக்கக் கீழே ஆற்றங்கரைக்கு இறங்கியதால் பிழைக்கிறான்.

மற்ற இருவர், பியோ மாமா என்று அழைக்கப்படும் முதியவரும், நடிகை கமிலாவின் நோயாளிச் சிறுவன் ஹைமேயும். வைசூரியால் அழகிழந்து உலகை வெறுத்து ஒளிந்து வாழும் கமிலாவிடம் மன்றாடி, அவள் மகனை ஓராண்டு வளர்த்துக் கற்பிக்கப் பெற்றுக்கொண்டு வருகிறார் பியோ மாமா. அவ்வழியில் பாலம் வருகிறது.

நம் மதிப்பீடு

இக்கதைகளின் அழகு, இவற்றுள் எதுவும் ஜூனிப்பரின் பெருநூலில் இல்லை என்பதுதான். அவருக்குக் கிடைத்தவை ஊரார் சொன்ன செய்திகள். கிழித்தெறிந்த கடிதமும், முன்பணம் கேட்டதன் காரணமும், திருத்தலத்தில் படர்ந்த அமைதியும் அவருக்குத் தெரியா. ஒரு மனிதனுடைய உள்ளே நடப்பதை அறியாமல், அவனுடைய சாவுக்குப் பொருள் உரைக்க எவருக்கும் உரிமை இல்லை என்பதை வைல்டர் அறிவுரை கூறாமலே நிலைநாட்டுகிறார். இதுவே இந்நூலின் முதல் வெற்றி.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. ஐவரில் மூவர் ஒரு புதிய தொடக்கத்தின் வாசலில் நிற்கும்போது சாகின்றனர். சீமாட்டி தூய அன்பைக் கற்றுக்கொண்டு இரண்டு நாள் கழித்து. எஸ்தேபான் வாழ இசைந்த மறுநாள். பியோ மாமா ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்ற கையோடு. இவ்வளவு ஒழுங்கான பொருத்தம் வாழ்வில் காணக்கிடைப்பதில்லை. "பக்குவமானபின் எடுத்துக்கொண்டார்" என்று வாசகர் முடிவு கட்டுவதற்கு ஆசிரியரே வழி திறந்துவிடுகிறார். ஜூனிப்பரை எந்தப் பிழைக்காக நகைக்கிறாரோ, அந்தப் பிழையைக் கதையமைப்பில் அவரே செய்கிறார். நாம் அடக்கம் செய்தவர்களுள் பெரும்பாலோர் பாதி வேலையில் போனவர்கள். சமாதானம் பேசாமல், கடன் தீர்க்காமல், மன்னிப்புக் கேட்காமல் போனவர்கள். அவர்களுக்கும் இறைத்திட்டத்தில் இடம் உண்டு என்பதே நம் நம்பிக்கை. ஆசிரியர் இதை உணர்ந்தார் போலும். முதற்பகுதிக்கும் இறுதிப் பகுதிக்கும் இட்ட தலைப்புகளில் 'ஒருவேளை' என்னும் சொல்லைச் சேர்த்துத் தம் கையைக் கட்டிக்கொண்டார்.

ஜூனிப்பரின் முடிவு கொடியது. நூல் தப்பறை என்று தீர்ப்பாகி, அவரும் அவருடைய நூலும் சதுக்கத்தில் எரிக்கப்படுகின்றனர். திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம் இப்பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடக் கூடாது. உண்மையின் பெயரால் நடந்த கொடுமைகளுக்காகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000 மார்ச் 12 அன்று இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அவ்வேண்டலுக்கு இப்பக்கங்களும் ஒரு விளக்கவுரை. இறப்பதற்கு முந்தைய இரவு, பிறருடைய வாழ்வில் தேடிய கோலத்தைத் தம் வாழ்வில் தேடிப் பார்க்கிறார் சகோதரர். அங்கும் அது தெளிவாகத் தெரியவில்லை. ஆயினும் தம் சபைத் தந்தையாம் புனித பிரான்சிசை அழைத்தபடி அமைதியாக இறக்கிறார். கணக்கு முடிந்துபோன இடத்தில் அவருடைய நம்பிக்கை தொடங்குகிறது.

மறைநூல் காட்டும் வழி

ஜூனிப்பரின் கேள்வியை நம் ஆண்டவரிடமே கேட்டிருக்கிறார்கள். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைக் குறித்து இயேசு தாமே பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணவேண்டாம் என்று தெளிவாகத் தடுக்கிறார். அவர்கள் ஏன் என்று அவர் விளக்கவில்லை. கேட்டவர்களை மனம் மாறச் சொல்கிறார். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்திலும், பிறவிக் குருடனின் நிலைக்கு யாருடைய பாவம் காரணம் என்னும் கணக்கை அவர் ஏற்கவில்லை. அம்மனிதனுக்குக் கண் கொடுக்கிறார். யோபு நூலின் முடிவில் கடவுளின் சினத்துக்கு ஆளானவர்கள், கடவுளுக்காக வழக்காடிய நண்பர்களே. ஏழு நாள் வாய் திறவாமல் யோபுவோடு தரையில் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபின்தான் கெட்டார்கள்.

இதனால் திட்டமே இல்லை என்று ஆகாது. இறைவன் அனைத்தையும் ஆள்கிறார். ஆனால் படைப்புகளின் இயல்பான செயல்களையும் மனிதரின் விடுதலையையும் அழிக்காமல், அவற்றின் வழியாகவே ஆள்கிறார் என்பது புனித அக்குவினாஸ் தோமாவின் போதனை. லாரி ஓட்டுநரின் உறக்கமும், குழி நிறைந்த சாலையும் உண்மையான காரணங்கள். அவற்றை நாம் ஆராயலாம், திருத்தவும் வேண்டும். "ஆண்டவரின் திட்டம்" என்று சொல்லி அவற்றை மூடுவது பக்தியாகாது. தீமை ஏன் என்னும் கேள்விக்கு விரைந்த விடை எதுவும் போதாது என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஒத்துக்கொள்கிறது. இறைவனின் வழிகளை முழுமையாக அறிவது அவரை நேருக்கு நேர் காணும் நாளில்தான்.

2004 டிசம்பர் 26, திருக்குடும்பப் பெருவிழா ஞாயிறு. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகள் பலர் அவர்களுள் இருந்தனர். பேராலயத்துக்குள் நீர் புகாததைப் புதுமை என்று நன்றியோடு பேசினோர் உண்டு. அவர்களுடைய நன்றியை நாம் குறை கூறவில்லை. ஆனால் கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த திருப்பயணியின் காதில் அப்பேச்சு எப்படி விழுந்திருக்கும்? தண்டனை என்று பேசினோரும் இருந்தனர். அத்தகையோர் சகோதரர் ஜூனிப்பரின் மதிப்பெண் தாள்களை ஒருமுறை படிக்கவேண்டும்.

நாவலின் உண்மையான நாயகி

இத்தனைக்குப் பிறகு, அன்றாட வாழ்வில் இறைத்திட்டத்தை நம்புவது எப்படி? விடை நாவலிலேயே இருக்கிறது. மடத்துத் தலைவி மரியா தெல் பிலார் பாலத்தின்மேல் ஏறவில்லை. ஆனால் பாலம் அறுந்ததால் பெரிதும் இழந்தவர் அவர்தாம். வாரிசாக வளர்த்த பெப்பித்தா போனாள். மகனாக வளர்த்த எஸ்தேபான் போனான். தாம் தொடங்கிய பணி தமக்குப் பின் தொடராது என்பதை அவர் அறிந்துகொள்கிறார். அதை ஏற்றுக்கொண்டு, வழக்கம்போல் இரவில் நோயாளிகளின் கூடத்துக்குப் போய், படுக்கையில் இருப்போருடன் பேசுகிறார். அவ்வளவே. ஏன் என்று அவர் ஆராயவில்லை. துயரை மறைத்துக்கொண்டு நடிக்கவும் இல்லை. இருட்டில் தனித்து இருப்போரைப் பற்றி அன்றிரவு அவர் பேசுகிறார். கேட்போர் தங்களைச் சுற்றிப் பாதுகாப்பான ஒரு சுவர் எழுந்ததுபோல் உணர்கின்றனர்.

திட்டத்தைப் படிக்க முயல்வது ஒன்று. திட்டமிட்டவரை நம்புவது மற்றொன்று. ஜூனிப்பர் முன்னதில் ஆறு ஆண்டுகளைச் செலவிட்டார். தலைவியோ பின்னதை ஒவ்வோர் இரவும் விளக்கேந்தி நடந்து செய்தார். தம்மிடம் துயரத்தோடு வந்த கமிலாவையும் கிளாராவையும் அவர் வரவேற்றதும் இவ்வகையே. சாவின் காரணத்தை அவர் அவர்களுக்கு விளக்கவில்லை. அவர்களிடம் எஞ்சியிருந்த அன்புக்கு இடம் கொடுத்தார்.

வாழ்வோரையும் இறந்தோரையும் இணைக்கும் பாலம் அன்பு ஒன்றே என்னும் கருத்தோடு வைல்டர் முடிக்கிறார். இறந்தவர்கள் மறக்கப்படுவார்கள், ஆயினும் அன்பு செய்தது போதும் என்கிறார். அழகிய முடிவு; ஆனால் நமக்கு அது முழுமையன்று. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாம், மறக்கப்படுதலோடு நிறுத்திக்கொள்வதில்லை. நாம் மறந்த பெயரையும் மறவாத ஒருவர் இருக்கிறார். உயிர்த்த அவர் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. திட்டத்தின் விளக்கத்தை அவர் நமக்குக் கொடுக்கவில்லை, அத்தழும்புகளைக் காட்டினார். மரியன்னையும் சூசையப்பரும் முழுத் திட்டத்தையும் அறிந்தபின் நடந்தவர்கள் அல்லர். அன்றன்றைய அடியை அன்றன்று எடுத்து வைத்தவர்கள்.

முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு அந்தத் தாய் வந்தார். முடிந்தபின் அவரை அழைத்து, "அம்மா, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு எமக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல் பேசியதற்கு மன்னியுங்கள்" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கேள்வி இன்னும் இருக்கு சாமி. ஆனா கோவிலுக்கு வராம இருக்க முடியல" என்றார்.

அச்சொற்களைவிடச் சிறந்த நம்பிக்கை அறிக்கையை நாம் இதுவரை கேட்டதில்லை. அன்பர்களே, அடுத்த முறை துக்க வீட்டுக்குச் செல்லும்போது, திட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒரு மணி நேரம் அமர்ந்திருங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு கொடுங்கள். எட்டாம் நாள் துக்கத்துக்குப் பிறகும், எல்லாரும் போனபின், ஒருமுறை சென்று கதவைத் தட்டுங்கள். இறைவன் தம் திட்டத்தில் உங்களுக்கென்று வைத்த பங்கு அன்று அதுவாக இருக்கலாம்.